கிளட்ச் வேண்டுமா, வேண்டாமா? கார் வாங்குவோர் கேள்வி – பதில்

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்று கேட்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். வீடு மேடவாக்கம், ஆபீஸ் ஓ.எம்.ஆர். முதல் கார் வாங்கப் போகிறோம், பட்ஜெட் 9 லட்சம். நான் பல வருடமாக ஸ்கூட்டி ஓட்டுகிறேன், கார் இனிமேல்தான் பழக வேண்டும். எனக்கு ஆட்டோமேட்டிக் வேண்டும். கணவரோ, "மேனுவலாக இருந்தால்தான் வண்டி நம் கையில் இருக்கும், ஆட்டோமேட்டிக் பெட்ரோலைக் குடிக்கும்" என்கிறார். மாமனாரும் அவர் பக்கம். என்ன செய்யலாம்?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். உங்கள் விஷயத்தில் இழுத்துப் பேச ஒன்றுமே இல்லை. மேடவாக்கத்தில் கிளம்பி சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டுவதற்குள் கிளட்சை எத்தனை தடவை மிதிக்க வேண்டியிருக்கும் என்று உங்கள் கணவர் ஒரே ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் போதும். மெட்ரோ வேலையால் சாலை குறுகிக் கிடக்கிறது, முன்னால் இருக்கும் வண்டி பத்தடி நகரும், நாமும் கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டு, பாதி கிளட்சில் பத்தடி நகர்ந்து, பிரேக் பிடித்து நியூட்ரலுக்கு வருவோம், அதற்குள் முன்னால் இருப்பவர் மறுபடி நகர்ந்திருப்பார், இடம் விட்டால் ஒரு ஆட்டோ நுழைந்துவிடும் என்பதால் மறுபடியும் அதே வேலை. இந்தப் பாதி கிளட்ச் ஓட்டம்தான் கிளட்ச் பிளேட்டைத் தேய்க்கிறது, ஓட்டுபவரின் இடது முழங்காலையும் பதம் பார்க்கிறது. ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கில் இருந்து காலை லேசாக எடுத்தால் வண்டி தானாக ஊர்ந்து போகும், அமுக்கினால் நிற்கும். அவ்வளவுதான்.

பெட்ரோல் விஷயத்தில் மாமனார் சொல்வது பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்குச் சரி. மூன்று கியர், நாலு கியர் வைத்து வந்த அந்தக் கால வண்டிகள் நிஜமாகவே எண்ணெய் குடித்தன. 2014-இல் மாருதி செலெரியோவில் ஏ.எம்.டி. (மேனுவல் கியர் பாக்ஸையே வைத்துக்கொண்டு கிளட்சையும் கியரையும் வண்டியே பார்த்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்) வந்த பிறகு சின்னக் கார்களில் நிலைமை மாறிவிட்டது. 2024-இல் வந்த புது ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள், கம்பெனி சொல்லும் மைலேஜ் மேனுவலுக்கு லிட்டருக்கு 24.80 கிலோமீட்டர், ஏ.எம்.டி.க்கு 25.75. ஆட்டோமேட்டிக்தான் ஒரு படி மேலே! இது சோதனைக்கூடத்துக் கணக்கு, நம் ரோட்டில் இந்த எண்கள் வராது, ஆனால் இரண்டுக்கும் ஒரே சோதனை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சரி, டிராஃபிக்கில் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், மேனுவல் 15 கொடுக்கிற இடத்தில் ஆட்டோமேட்டிக் 13.5 கொடுக்கிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். மாதம் 750 ரூபாய்கூட வித்தியாசம் வராது. தினமும் இரண்டு மணி நேரம் இடது காலுக்கு ஓய்வு கிடைக்க அது ஒரு தொகையே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் கணவருக்கு. இந்தப் பகுதிக்கு எழுதும் பெண்களில் நிறையப் பேர் லைசென்ஸ் எடுத்துவிட்டுக் கார் ஓட்டாமல் இருப்பவர்கள். காரணம் கேட்டால் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வருகிறது: மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார், பக்கத்து சீட்டில் இருந்து வீட்டுக்காரர் கத்துகிறார், அன்றைக்குச் சாவியைக் கொடுத்தவர்கள்தான், பிறகு தொடவே இல்லை. இரண்டு பேர் சம்பளத்தில் வாங்கும் காரை இரண்டு பேரும் ஓட்ட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நீங்கள் ஓட்டும் ஸ்கூட்டியும் கியர் இல்லாத வண்டிதான், ஆக்சிலேட்டர், பிரேக் இரண்டே பழக்கம். ஆட்டோமேட்டிக் கார் உங்கள் கைக்குச் சீக்கிரமே வந்துவிடும்.

9 லட்சம் என்பது ஆன்ரோடு பட்ஜெட் என்றால் ஏ.எம்.டி. ஹேட்ச்பேக் உங்களுக்குச் சரியாக இருக்கும். டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான சர்வீஸ் ரோட்டில் முடித்துவிடாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எடுக்கச் சொல்லுங்கள், கணவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஏ.எம்.டி.யில் கியர் மாறும்போது தலை ஒரு கணம் முன்னால் போய் வரும், அது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது நெரிசலில்தான் தெரியும்.

கேள்வி: ஷோரூமில் ஏ.எம்.டி., சி.வி.டி., டி.சி.டி., டார்க் கன்வர்ட்டர் என்று அடுக்குகிறார்கள். கடைசியில் "எல்லாமே ஆட்டோமேட்டிக்தான் சார்" என்கிறார்கள். அப்படியானால் விலை மட்டும் ஏன் மாறுகிறது?
– வாசகர், ஈரோடு

பதில்: ஓட்டுபவருக்கு எல்லாமே ஆட்டோமேட்டிக்தான். உள்ளே இருப்பது நாலும் நாலு விதம், இதைத் தெரிந்துகொள்ளாமல் காசைக் கட்டாதீர்கள்.

ஏ.எம்.டி.யில் இருப்பது மேனுவல் கியர் பாக்ஸேதான். அதே கிளட்ச் பிளேட், அதே பற்சக்கரங்கள். நம் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையைக் கம்ப்யூட்டர் சொல்லக் கேட்டு ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. அதனால்தான் மேனுவலைவிடச் சுமார் 50 ஆயிரம் ரூபாய் அதிகத்திலேயே கிடைக்கிறது, மைலேஜும் குறைவதில்லை. குறை என்னவென்றால், ஒரு கியரை விட்டு அடுத்ததைப் பிடிக்கிற இடைவெளியில் இழுவை அறுந்து மறுபடி வரும். லாரியை முந்தும்போது இது தெரியும். அப்புறம், பெரும்பாலான ஏ.எம்.டி. வண்டிகளில் 'பி' என்ற பார்க்கிங் நிலையே கிடையாது, ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்), கியரை நாமே மாற்றிக்கொள்ள எம் (மேனுவல்), அவ்வளவுதான் இருக்கும். சரிவில் நிறுத்தினால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, லீவர் டி-யிலோ ஆர்-இலோ இருக்கும்போதே இன்ஜினை அணைக்க வேண்டும். அப்போதுதான் கியரில் பூட்டி நிற்கும். நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கிப் போவது ஆபத்து, டெலிவரி கொடுக்கும்போது இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

டார்க் கன்வர்ட்டரில் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைப்பது எண்ணெய். இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அந்தக் காற்றில் அடுத்ததும் சுற்றும் இல்லையா, அதே வேலையை இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய் செய்கிறது. கிளம்பும்போது கிளட்ச் பிளேட் உரசும் பேச்சே இல்லை, அதனால் நெரிசலையும் ஏற்றத்தையும் நன்றாகத் தாங்கும். எர்டிகா, பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக்கில் இருப்பது இதுதான். எர்டிகாவில் மேனுவல் மைலேஜ் 20.51, ஆட்டோமேட்டிக் 20.30 என்று கம்பெனி கொடுத்திருக்கிறது, கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் விலை வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்.

சி.வி.டி.யில் கியரே இல்லை, இரண்டு கப்பிகளும் நடுவில் ஒரு பெல்ட்டும். ஹோண்டா சிட்டி, அமேஸ் வண்டிகளில் இருப்பது. உங்கள் வீட்டு ஆக்டிவாவிலும் இதே தத்துவம்தான். ஊருக்குள் வெண்ணெய் மாதிரி போகும். திடீரென்று முழுசாக அழுத்தினால் மட்டும் சத்தம் முதலில் வரும், வேகம் கொஞ்சம் பொறுத்து வரும்.

டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, இன்னொன்று இரட்டைப்படைக்கு. அடுத்த கியர் தயாராகவே காத்திருப்பதால் மாறுவதே தெரியாது, ஹைவேயில் ஓட்ட அருமையாக இருக்கும். இதில் உலர் கிளட்ச், எண்ணெயில் நனைந்த கிளட்ச் என்று இரண்டு வகை உண்டு. உலர் வகை, நம் ஊர் வெயிலில் மணிக்கணக்கில் ஊர்ந்தால் சூடாகும். தினமும் நெரிசலில் கிடப்பவர் உலர் கிளட்ச் வண்டி வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். டாடா ஆல்ட்ரோஸில் 2022-இல் வந்தது நனைந்த வகை. ஷோரூமில் "இது டிரையா, வெட்டா" என்று நேராகவே கேளுங்கள், பதில் தெரியாதவரிடம் வண்டி வாங்காதீர்கள்.

2020-இல் ஹூண்டாய் வென்யூவில் ஐ.எம்.டி. என்று ஒன்றும் வந்தது. கிளட்ச் பெடல் இருக்காது, ஆனால் கியரை நாம்தான் மாற்ற வேண்டும். அதை ஆட்டோமேட்டிக் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: விவசாயம் பார்க்கிறேன். மாதம் 400, 500 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம், அதுவும் கிராமத்து ரோடு, இரண்டு தடவை மதுரை. வாங்கினால் பத்துப் பன்னிரண்டு வருடம் வைத்திருப்பேன். மகன் ஆட்டோமேட்டிக் வாங்கச் சொல்கிறான்.
– வாசகர், சிங்கம்புணரி

பதில்: மேனுவலே வாங்குங்கள் ஐயா. டாப் கியரில் போட்டால் அப்படியே போகிற ரோடு உங்களுடையது, அங்கே கிளட்ச் ஒரு சுமையே இல்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவை கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டி வந்தாலும் பக்கத்து ஊர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். ஏ.எம்.டி.யில் ஆக்சுவேட்டரோ கம்ப்யூட்டரோ மக்கர் செய்தால் வண்டியை நகரத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இன்னொரு செலவும் இருக்கிறது, அதை விளம்பரத்தில் போட மாட்டார்கள்: பல கார்களில் அடிமட்ட வேரியன்ட்டில் ஆட்டோமேட்டிக் கிடையாது, அதற்காகவே ஒரு படி மேலே போக வேண்டியிருக்கும். நீங்கள் கொடுக்கப் போவது வெறும் 50 ஆயிரம் அல்ல. அந்தப் பணத்தில் ஆறு ஏர்பேக் இருக்கிற வேரியன்ட் கிடைக்குமா என்று பாருங்கள், மகனும் ஒத்துக்கொள்வார். ஒருவேளை உங்களுக்கு முழங்கால் வலி இருந்தால் மட்டும் இந்தப் பதிலை மாற்றிக்கொள்கிறேன்.

கேள்வி: மாதம் ஒருமுறை குடும்பத்தோடு கொல்லிமலை போவோம். மலைக்கு மேனுவல்தான் பாதுகாப்பு, ஆட்டோமேட்டிக்கில் இறங்கினால் பிரேக் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், நாமக்கல்

பதில்: பிரேக் போவது வண்டியால் அல்ல, டி-யில் போட்டுவிட்டுப் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குவதால். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஆழியாரில் இருந்து வால்பாறைக்கு 40. இந்தச் சரிவு முழுக்கப் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடாகி, கருகிய வாடை அடித்து, கடைசியில் பிரேக் எண்ணெய் கொதித்துப் பெடல் அடி வரைக்கும் போய்விடும். மேனுவலிலும் இதே கதிதான். வித்தியாசம் என்னவென்றால், மேனுவல் ஓட்டுபவர் ஏறிய கியரிலேயே இறங்கப் பழகியிருப்பார், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்காரருக்கு அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

உங்கள் வண்டி ஏ.எம்.டி. என்றால் லீவரை எம் பக்கம் தள்ளி, மைனஸ் தட்டி இரண்டாவது கியருக்கு வாருங்கள். செங்குத்தான வளைவுக்கு முதல் கியர். சி.வி.டி.யில் எல் அல்லது எஸ் என்று இருக்கும், டார்க் கன்வர்ட்டரில் 2, எல் அல்லது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு மாதிரி இரண்டு பிளேடு இருக்கும். எந்த வண்டியானாலும் சரிவு தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், வேகம் ஏறிய பிறகு மாற்றினால் சில வண்டிகள் கியரை இறக்க மறுத்துவிடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது, இன்ஜினை அணைத்து இறங்குவது இரண்டையும் கனவிலும் செய்யாதீர்கள். இன்ஜின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் கனக்கும். பிரேக் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஏறும்போது ஏ.எம்.டி.யில் ஒரு தொல்லை உண்டு. வளைவின் நடுவில் எந்தக் கியர் போடுவது என்று அது தடுமாறி ஒரு நொடி இழுவை இல்லாமல் நிற்கும், பின்னால் பஸ் இருந்தால் பகீரென்றிருக்கும். வளைவுக்கு முன்பே நீங்களாக முதல் கியருக்கு வந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. எதிரே வண்டி வந்து ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியபடி வண்டியைத் தாங்கி நிறுத்தாதீர்கள், உள்ளே கிளட்ச் பிளேட் எரிந்துகொண்டிருக்கும். பிரேக் அல்லது ஹேண்ட் பிரேக்தான். ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் உருளாமல் சில நொடி பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு வசதி இருக்கும் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை மலை என்றால், பட்ஜெட் இடம் கொடுத்தால் டார்க் கன்வர்ட்டர் என் முதல் தேர்வு.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் ஆட்டோமேட்டிக் வாங்கித் தர ஆசை. வாழ்நாள் முழுக்க மேனுவல் ஓட்டியவர், பழகிக்கொள்வாரா?
– வாசகர், திருச்சி

பதில்: நல்ல காரியம் செய்கிறீர்கள், கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையே இல்லை. ஆனால் பழகும் நாட்களில் ஆபத்து அந்தக் காலில்தான் இருக்கிறது. சிக்னல் நெருங்கும்போது இடது கால் தன்னால் கிளட்சைத் தேடும். அங்கே இருப்பது அகலமான பிரேக் பெடல். கிளட்சை மிதிக்கிற வேகத்தில் அதை மிதித்தால் வண்டி குத்தி நிற்கும், பின்னால் வருபவர் வந்து மோதுவார். இதைவிட மோசமானது, பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை அழுத்துவது. வாகன நிறுத்தத்தில் சுவரில் மோதும் விபத்துகளில் இது அடிக்கடி நடக்கிறது.

அதனால் முதல் சில நாட்களுக்கு ரோடு வேண்டாம், காலியான மைதானம் போதும். இடது பாதத்தை நன்றாகப் பின்னால் இழுத்து சீட்டுக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலது குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், ஆக்சிலேட்டருக்குப் பாதத்தின் முன்பக்கம் மட்டும் திரும்பினால் போதும், அப்படி வைத்தால் அவசரத்தில் கால் தானாகப் பிரேக்குக்கே வரும். பிரேக்கை மிதிக்காமல் லீவரைத் தொடவே கூடாது. பார்க்கிங்கில் வண்டி ஊர்வதை வைத்தே நுழைக்கட்டும், ஆக்சிலேட்டர் வேண்டாம். அவருக்கு வாங்கும் வண்டியில் பி நிலை இருப்பது நல்லது, டார்க் கன்வர்ட்டரோ சி.வி.டி.யோ பாருங்கள். ஷூவோ பின்பட்டை உள்ள செருப்போ போட்டு ஓட்டச் சொல்லுங்கள், ஹவாய் செருப்பு பெடலில் மாட்டும்.

கேள்வி: ஐந்து வருடம் ஓடிய ஏ.எம்.டி. கார் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகி, கோவை

பதில்: காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள், நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். என்-இல் இருந்து டி, டி-யில் இருந்து ஆர் போடும்போது உதறலோ தாமதமோ இருக்கிறதா பாருங்கள். ஒரு மேம்பாலத்து ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி மெதுவாக நகர்ந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் பழைய கோளாறு பதிவுகள் தெரியும், அதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. கால்மிதிக்கு அடியில் கார்பெட்டைத் தூக்கிச் சேறோ பாசி வாடையோ இருக்கிறதா பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏராளம், மூழ்கிய ஆட்டோமேட்டிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஒரு சந்தேகம் வந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் மட்டும் பழகினால் லைசென்ஸ் கிடைக்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நம் நாட்டில் டூவீலருக்குத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்று தனித்தனி. காருக்கு ஒரே லைசென்ஸ், இரண்டையும் ஓட்டலாம். ஆனால் டிரைவிங் ஸ்கூல்களில் பெரும்பாலும் மேனுவல் வண்டிதான் இருக்கும், அதில் பழகித் தேர்வை முடித்துவிடுவது நல்லது, அவசரத்துக்கு யார் வண்டியையும் எடுக்கலாம். பிரிட்டன் போகிறவர்கள் மட்டும் கவனியுங்கள், அங்கே ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதித் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்ட முடியும்.

கேள்வி: சி.என்.ஜி.யும் வேண்டும், ஆட்டோமேட்டிக்கும் வேண்டும். கிடைக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: கிடைக்கும். 2024 பிப்ரவரியில் டாடா டியாகோ, டிகோர் இரண்டிலும் சி.என்.ஜி.யோடு ஏ.எம்.டி. கொடுத்தது. வாங்கும் முன் உங்கள் வழியில் சி.என்.ஜி. பங்க் எங்கெங்கே இருக்கிறது, வரிசை எவ்வளவு நிற்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: பேட்டரி இறங்கினால் ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாதாமே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். ஜம்பர் கேபிள் ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள். பேட்டரி நாலு வருடம் தாண்டினால் ஒவ்வொரு சர்வீஸிலும் சோதிக்கச் சொல்லுங்கள். வண்டியை இழுத்துப் போக நேர்ந்தால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், சக்கரம் சுழலும்போது இன்ஜின் ஓடாததால் உள்ளே எண்ணெய் போகாமல் கியர் பாக்ஸ் கெட்டுவிடும். நாலு சக்கரமும் மேலே ஏறுகிற பிளாட்பெட் வண்டியைத்தான் அனுப்ப வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் உதவி எண்ணில் சொல்லும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.